நாற்பத்து மூன்றாம் நம்பர்

சென்னை
10.7.2006

அன்புள்ள செல்வலட்சுமி அக்காவுக்கு,

கற்பகவல்லி எழுதுகிறேன். ரயிலை விட்டு இறங்கிப் பத்து நாள் ஆகியும் என் பைக்குள் அலுமினியப் பொடி மினுங்குகிறது. ஹாஸ்டலில் பக்கத்து அறைப் பெண், ஏதாவது கல்யாண வீட்டுக்குப் போய் வந்தாயா என்று கேட்டாள். ஆறு வாரம் நாரணாபுரத்தில் பயிற்சி ஆய்வு, பட்டாசுக் கம்பெனிப் பெண்களின் மூச்சை அளந்துவிட்டு வந்தேன் என்றேன். மூச்சை எப்படி அளப்பது என்று சிரித்தாள். மூச்சை அளக்கிற முள் வைத்த குழாய், உங்களிடம் விட்டு வந்தது ஒன்று, என்னிடம் ஒன்று இருக்கிறதே, என்னுடையதை எடுத்து ஊதச் சொன்னேன். முள் நானூற்றைத் தொட்டதும் அவளுக்கு ஒரே பெருமை. குருவம்மாள் அக்கா மூன்று தரம் ஊதியும் இருநூற்றுப் பத்தைத் தாண்டாததை அவளிடம் சொல்லவில்லை.

அறிக்கை எழுதத் தொடங்கிவிட்டேன். நீங்கள் இல்லாவிட்டால் முதல் நாளே மானம் கப்பல் ஏறியிருக்கும். பதினாலாவது கேள்வி நினைவிருக்கிறதா? "தினமும் மருந்து எடுத்துக்கொள்கிறீர்களா?" என்று சென்னையில் உட்கார்ந்து அச்சடித்துக் கொண்டு வந்தேன். "எட்டு மணி நேரமும் மருந்துதான் எடுக்கோம், கையப் பாருங்க" என்று முதல் மூன்று பேரும் சொன்னார்கள். வெடிக்குள் இடிப்பதும் மருந்து, டாக்டர் தருவதும் மருந்து. பக்கத்து ஊர் ஆனைக்குட்டத்தில் பிறந்த எனக்கே அது உறைக்கவில்லை. நீங்கள்தான் "மாத்திரை" என்று திருத்தினீர்கள். எங்கள் பேராசிரியை அதைக் கேட்டு, அறிக்கையில் உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னார். பெயர் போடக் கூடாது என்பதால் "வழிகாட்டிய தோழி" என்று போட்டிருக்கிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நாற்பத்தொரு பேரிடமும் நான் கொடுத்த வாக்கை மறக்கவில்லை என்று சொல்லுங்கள். யார் என்ன சொன்னார்கள் என்பது யாருக்கும் தெரியாது. எங்கேயும் பெயரே கிடையாது, எல்லாம் நம்பர்தான். ஆகஸ்டில் துறையில் வாசித்ததும் ஒரு பிரதி சூலக்கரையில் இருக்கிற தொழிற்சாலை ஆய்வாளர் ஆபீசுக்குப் போகும். எனக்கு அனுமதி கொடுத்த உங்கள் கம்பெனிக்கும் ஒன்று போகும். அவர்கள் படித்தால்தானே மாஸ்க் பீரோவை விட்டு வெளியே வரும்.

உங்கள்
கற்பகம்


நாரணாபுரம்
29.8.2006

கற்பகவல்லி அவர்களுக்கு,

செல்வலட்சுமி எழுதுவது. இங்கே யாரும் நலமில்லை. உங்கள் நலத்தைக் கேட்க எனக்கு மனசு வரவில்லை.

நேற்றுக் காலையில் கேட்டில் எல்லோரும் வரிசையில் நின்றோம். எங்கள் டோக்கன் உங்களுக்குத் தெரியும், ஆணிப் பலகையில் தொங்குகிற பித்தளை வில்லை. அதை எடுத்துக் காட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். நேற்று ஊர்க்காவலன் போர்மேன் பலகைக்கு முன்னால் கையில் தாள்களோடு நின்றார். நீங்கள் அனுப்பிய அறிக்கை. "நாப்பத்தி மூணு யாரு?" என்றார்.

எட்டு வருஷமாக அவர் தினமும் அந்த நம்பரைக் கூப்பிடுகிறார். அவருக்குத் தெரியாதா. குருவம்மாள்தான் முன்னால் வந்தாள்.

"'ஆபீசர் வார அன்னைக்கு மட்டும் மாஸ்க் தாராக. அவுக போனதும் வாங்கிப் பீரோவுல வச்சுப் பூட்டிருதாக.' நாப்பத்தி மூணு சொன்னதா போட்டிருக்கு. நீதான சொன்ன?"

"ஊதச் சொன்னாக, ஊதினேன். கேட்டாக, சொன்னேன்" என்றாள் குருவம்மாள்.

"வேற யாரும் இப்படிச் சொன்னீகளா?"

யாரும் வாயைத் திறக்கவில்லை. அவர் ஆணியிலிருந்து நாற்பத்து மூன்றை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, வீட்டுக்குப் போகச் சொன்னார். தீபாவளிக்கு எட்டு வாரம்கூட இல்லை. லோடு ஏற்ற ஆள் பற்றாமல் அக்கம்பக்கத்து ஊர்களுக்கெல்லாம் வேன் அனுப்புகிறார்கள். அந்த நேரத்திலும் அவளை வேண்டாம் என்றார்கள். அவள் வீட்டுக்காரர் சுடலை தோள்பட்டை பிசகி மூன்று மாதமாக வீட்டோடு கிடக்கிறார். அந்த வீட்டில் வேலைக்குப் போகிற ஆள் அவள் ஒருத்திதான்.

பெயரே கிடையாது, நம்பர்தான் என்று எவ்வளவு நிம்மதியாக எழுதியிருந்தீர்கள். இந்தக் கம்பெனிக்குள் எங்களுக்குப் பெயர் எப்போது இருந்தது? குருவம்மாள் என்று போட்டிருந்தால்கூட யாரோ என்று விட்டிருப்பார்கள். ஊரில் நாலு குருவம்மாள் இருக்கிறார்கள். நாற்பத்து மூன்று ஒன்றுதான்.

அந்த அறிக்கையைக் கொளுத்துங்கள். அவளுக்கு வேலை திரும்பக் கிடைக்க வேண்டும். எப்படி என்று எனக்குத் தெரியாது. படித்தவர் நீங்கள்தான்.

செல்வலட்சுமி


சென்னை
4.9.2006

அக்கா,

'அவர்களுக்கு' என்ற முதல் வரியிலேயே நான் பாதி செத்துவிட்டேன். என் அப்பாவின் வயலில் உங்கள் அம்மா களை எடுத்தார்கள் என்பதற்காக என்னைப் 'பாப்பா, நீங்க' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள். உங்களை 'நீ' என்று சொல்ல வைக்க எனக்கு மூன்று வாரம் ஆனது. ஒரு கடிதத்தில் அதைத் திரும்ப எடுத்துக்கொண்டீர்கள். திட்டுங்கள், ஆனால் நீ என்றே திட்டுங்கள்.

தப்பு என்னுடையது. பெயரை மறைக்க எண் கொடு என்று பாடத்தில் படித்தேன். எந்த எண் என்று யோசிக்க வேண்டியவள் நான். டோக்கன் என்பது வந்த ஆளைக் குறித்துக்கொள்வதற்கு மட்டும் என்று நினைத்துவிட்டேன். ஆறு வாரம் உங்கள் வீட்டு வாசல்களில் உட்கார்ந்திருந்தவளுக்கு, உள்ளே உங்களை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று ஒரு தரம் கேட்கத் தோன்றவில்லை. வேறு யார் மேலும் இதில் பழி கிடையாது.

அறிக்கையைத் திரும்பப் பெற வேண்டும் என்று பேராசிரியையிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். பெற்றால் பட்டம் கைக்கு வராது. பரவாயில்லை. இன்னொன்றும் செய்யலாம். என் அப்பா கண்ணுச்சாமிக்கு உங்கள் முதலாளியோடு நல்ல பழக்கம். நான் சொன்னால் நாளைக்கே போய்ப் பேசுவார், குருவம்மாள் அக்கா மறுநாள் வேலையில் இருப்பார்கள். ஒரு வார்த்தை எழுதுங்கள், போன் பண்ணிவிடுகிறேன்.

கற்பகம்


நாரணாபுரம்
12.9.2006

கற்பகத்துக்கு,

நீ கேட்டுக்கொண்டதால் நீ என்கிறேன். திட்டுவதற்கு மட்டும்.

உன் அப்பாவை அனுப்பாதே. எங்கள் அம்மா உங்கள் வயலில் நின்ற காலத்தில் காய்ச்சல் என்றாலும் கல்யாணம் என்றாலும் உங்கள் வீட்டு வாசலில் போய்த்தான் நிற்க வேண்டும். அங்கே போய் நிற்காமல் இருக்கத்தான் நாங்கள் மருந்து ரூமுக்குள் போனோம். இப்போது உன் அப்பா சொல்லி அவளைச் சேர்த்துக்கொண்டால், தப்புச் செய்த பெண்ணைப் பெரிய மனுஷர் சொல்லுக்காக மன்னித்துவிட்டார்கள் என்று ஆகும். அவள் தப்புச் செய்யவில்லை.

உன் கடிதத்தைக் குருவம்மாளுக்கு வாசித்துக் காட்டினேன். நீ அறிக்கையைத் திரும்பப் பெறுகிறாய் என்றதும் அவள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "அப்ப நான் ஊதினது பொய்யின்னு ஆயிராதா? வேலையும் போயி, சொன்ன சொல்லும் போயிருச்சுன்னா எனக்கு என்னதான் மிச்சம்?" என்றாள். பேசி முடிப்பதற்குள் மூன்று தரம் இளைப்பு வாங்கியது. ஆகவே கொளுத்து என்று நான் எழுதியதை அடித்துவிடு. கொளுத்தாதே. தப்பாகச் செய்ததைச் சரியாகச் செய்.

இனி எழுதப்போவதை ஐந்தாறு நாளாக எழுதாமல் தள்ளிக்கொண்டு வந்தேன். வேறு யார் மேலும் பழி கிடையாது என்று எழுதியிருந்தாய். படித்ததும் எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. உனக்கு மறந்திருக்காது. நீ ஒன்று, இரண்டு, மூன்று என்று போடத்தான் போனாய். "புதுசா எதுக்கு, எங்க எல்லாத்துக்கும் நம்பர் இருக்குல்ல, அதப் போட்டாப் பொம்பளைகளுக்கு மறக்காது" என்றது நான். அதை நீ எழுதவில்லை. நான் உன்னை அவ்வளவு திட்டியும் எழுதவில்லை.

இன்னொன்று. யாரும் வாயைத் திறக்கவில்லை என்று எழுதியிருந்தேன் அல்லவா. அந்த யாரும் என்பதில் நானும் உண்டு. மாஸ்க் பற்றி நானும் அதையேதான் உன்னிடம் சொன்னேன். பதினேழாம் நம்பர். போர்மேன் கேட்டபோது நான் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இதற்கு நீ ஒன்றும் ஆறுதல் எழுத வேண்டாம். என்ன செய்யப்போகிறாய் என்று மட்டும் எழுது.

செல்வலட்சுமி


சென்னை
27.9.2006

அக்கா,

ஆறுதல் எழுதவில்லை. செய்ததை எழுதுகிறேன்.

பல்கலைக்கழகத்தில் நெறிமுறைக் குழு என்று ஒன்று உண்டு. ஆய்வில் பங்கெடுத்தவர்களுக்குக் கெடுதல் வராமல் பார்ப்பது அவர்கள் வேலை. ஐந்து பேர் முன்னால் ஒரு மணி நேரம் நின்றேன். முடிவில் மிகவும் அன்பாகத்தான் சொன்னார்கள். நடந்தது நடந்துவிட்டது, இனி அந்த ஊர்ப் பக்கம் போகாதே, நூலகத்தில் உட்கார்ந்து வேறு தலைப்பில் எழுது, டிசம்பரில் பட்டம் வாங்கிவிடலாம் என்றார்கள். தலையாட்டிவிட்டு வந்திருந்தால் இன்றைக்கு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

"நான் போகாமல் இருப்பது அவர்களுக்குப் பாதுகாப்பா, நமக்குப் பாதுகாப்பா?" என்று கேட்டுவிட்டேன். பேராசிரியைதான் அந்தக் கேள்வியைக் குறிப்பில் எழுதச் சொன்னார். அதற்குப் பிறகு இரண்டு முடிவு ஆயிற்று. வாக்குத் தவறியது பல்கலைக்கழகம், ஆய்வில் பேசியதற்காக யாரையும் வேலையை விட்டு நிறுத்துவது முறையல்ல என்று கம்பெனிக்குப் பதிவாளரே கடிதம் அனுப்புகிறார். நகல் சூலக்கரைக்கு. இரண்டாவது, நான் வந்து நாற்பத்தொரு பேரிடமும் மறுபடி கேட்க வேண்டும்.

அக்டோபர் எட்டு ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். வேண்டாம் என்பவர்களின் தாளை அவர்கள் கண் முன்னால் கிழித்து அவர்கள் கையிலேயே கொடுப்பேன். தொடர்கிறவர்கள் தங்களுக்கு ஒரு பெயரைத் தாங்களே வைத்துக்கொள்ளட்டும். சொந்தப் பெயரும் வேண்டாம், கம்பெனி நம்பரும் வேண்டாம். அவர்கள், நீங்கள், நான் தவிர யாருக்கும் அது தெரியக் கூடாது.

எல்லோரும் கிழிக்கச் சொன்னாலும் கிழிப்பேன். குருவம்மாள் அக்கா முன்னால் எப்படி வந்து நிற்பது என்றுதான் தெரியவில்லை. ஆனாலும் வருகிறேன்.

கற்பகம்


நாரணாபுரம்
12.10.2006

கற்பகம்,

நீ பஸ் ஏறிப் போன பிறகும் பெண்கள் கலையவில்லை. பதினைந்து பேர் வேண்டாம் என்றார்கள், இருபத்தாறு பேர் இருக்கட்டும் என்றார்கள். கிழித்த தாளை வாங்கியவர்கள் யாரும் அதைக் கீழே போடவில்லை. ஒருத்தி முந்தியில் முடிந்துகொண்டு போனாள். நீ கேட்டுக் கிழித்தாயே, அதை வைத்து அந்தப் பதினைந்து பேருக்கும் உன்மேல் மரியாதை கூடிவிட்டது.

பெயர் வைக்கச் சொன்னதும் ஒவ்வொருத்தியாக உள்ளே வந்து நம் காதில் வெடிப் பெயராகச் சொல்லிச் சிரித்தார்களே, அந்தச் சிரிப்பு இன்னும் தீரவில்லை. "புஸ்வாணம்னு போடு. ஊதினா எனக்கு அம்புட்டுதான் வருது" என்று குருவம்மாள் சொன்னபோது நீ அழுதாய். அழுதிருக்க வேண்டாம். அவள் உன்னைச் சிரிக்க வைக்கத்தான் சொன்னாள்.

இனி நேற்று நடந்ததைச் சொல்கிறேன். உங்கள் பதிவாளர் கடிதம் வந்திருக்கிறது. மேனேஜர் நேராக நாங்கள் திரி வைக்கிற செட்டுக்கே வந்துவிட்டார், பின்னாலேயே போர்மேன். "ஒரு பொம்பள சொன்ன பொய்ய வச்சு யுனிவர்சிட்டி வரைக்கும் கம்பெனி பேரு நாறுது" என்றார் மேனேஜர்.

திரியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன். "ஒரு பொம்பள இல்ல சார். பதினேழும் அதத்தான் சொல்லுச்சு" என்றேன்.

"பதினேழு யாரு?" என்றார் ஊர்க்காவலன்.

"தினமும் கூப்பிடுதீகள்ல அண்ணாச்சி. நான்தான். செல்வலட்சுமி."

நான் மட்டும்தான் என்று நினைத்தேன். பின்னால் இரண்டு பேர் எழுந்திருக்கிறார்கள். யார் என்று எழுதமாட்டேன். மேனேஜர் எங்களைப் பார்த்தார், வெளியே ஆர்டர் ஏற்ற நிற்கிற லாரியைப் பார்த்தார். திரும்பிப் போய்விட்டார். இன்றைக்கும் என் வில்லை ஆணியில்தான் இருக்கிறது. நாளைக்கு இருக்குமா என்று தெரியாது. அன்றைக்குப் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றதை நினைத்தால் வருகிற எரிச்சல் மட்டும் இப்போது இல்லை.

சூலக்கரையிலிருந்து தீபாவளி கழித்து ஆள் வருவார்கள் என்று பேச்சு. குருவம்மாளை இன்னும் கூப்பிடவில்லை.

அக்கா
செல்வலட்சுமி


சென்னை
6.11.2006

அன்புள்ள அக்காவுக்கு,

'அக்கா' என்று கையெழுத்துப் போட்டிருந்தீர்கள். அந்தக் கடிதத்தை மட்டும் பெட்டிக்குள் தனியாக வைத்திருக்கிறேன்.

இருபத்தாறு பேரை வைத்து மறுபடி எழுதிய அறிக்கையைக் குழு ஏற்றுக்கொண்டது. அதில் நம்பர் ஒன்றுகூட இல்லை. ஆனால் ஒரு டாக்டர் ஒரு கேள்வியில் என்னை மடக்கிவிட்டார். "புஸ்வாணம் இருநூற்றுப் பத்து ஊதியிருக்கிறார். சரி. அது அந்த ரூமால் வந்ததா, அவருக்குப் பிறவியிலேயே நெஞ்சு பலமில்லையா? அவர் வேலைக்குச் சேர்ந்த அன்று யாராவது அளந்தார்களா?" என்றார். யாரும் அளக்கவில்லை. ஒரு பெண்ணை ஒரு தரம் அளந்துவிட்டு அந்த ரூமைக் குற்றம் சொல்ல முடியாதாம். எரிச்சலாக இருந்தாலும் அவர் கேட்டது நியாயம். கம்பெனிக்காரர்களும் நாளைக்கு இதையேதான் கேட்பார்கள்.

அதனால் பட்டத்தை ஜூனுக்குத் தள்ளி வைக்கச் சொல்லிவிட்டேன். அப்பா போனில் சத்தம் போட்டார், பிறகு அம்மா வாங்கிச் சத்தம் போட்டார்கள். போடட்டும். பதில் கிடைக்காமல் நான் இதை முடிக்கப்போவதில்லை. எங்கே தேடுவது என்றுதான் தெரியவில்லை.

குருவம்மாள் அக்கா என்ன ஆனார்கள்?

கற்பகம்


நாரணாபுரம்
4.12.2006

அன்புள்ள கற்பகத்துக்கு,

முதலில் குருவம்மாள். தீபாவளி முடிந்து சூலக்கரையிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். பீரோவைத் திறக்கச் சொல்லி மாஸ்க்கை எண்ணினார்கள், எங்கள் எல்லோரையும் தனித்தனியாக விசாரித்தார்கள். அடுத்த வாரம் போர்மேன் குருவம்மாள் வீட்டுக்கு ஆள் அனுப்பினார். மருந்து ரூம் வேண்டாம், காகிதக் குழாய் சுற்றும் செட்டுக்கு வரட்டும் என்றார்கள். "வாரேன். ஆனா நம்பர் சொல்லிக் கூப்பிட்டாத் திரும்ப மாட்டேன், பேரச் சொல்லித்தான் கூப்பிடணும்" என்று சொல்லி அனுப்பினாள். இப்போது ஊர்க்காவலன், குருவம்மா, குருவம்மா என்று கூப்பிட்டுப் பழகிக்கொண்டிருக்கிறார். மூன்று வாரமாக மாஸ்க் பீரோவுக்குத் திரும்பவில்லை. புழுக்கம் தாங்காமல் பாதிப் பேர் அதைக் கழுத்தில் போட்டுக்கொள்கிறார்கள், நான் சத்தம் போட்டு மேலே ஏற்றுகிறேன்.

இனி உன் டாக்டர் கேட்ட கேள்வி.

போன திங்கட்கிழமை மருந்து ரூமுக்குப் புதிதாக ஒரு பெண் வந்தாள். போர்மேன் சட்டைப் பையிலிருந்து வில்லையை எடுத்துக் கொடுத்தார். நாற்பத்து மூன்று. குருவம்மாள் கட்டியிருந்த மஞ்சள் கயிறுகூட அப்படியே இருந்தது. அதை வாங்கிப் புரட்டிப் பார்த்தேன். அப்புறம்தான் புத்தியில் தட்டியது. இங்கே நம்பர் ஆளுக்குக் கிடையாது கற்பகம். இடத்துக்குத்தான். நாற்பத்து மூன்று என்றால் மருந்து ரூமில் கிழக்குச் சன்னலை ஒட்டி அலுமினியம் அள்ளுகிற இடம். யார் வந்து உட்கார்ந்தாலும் அவள்தான் நாற்பத்து மூன்று.

அப்படியென்றால் குருவம்மாளுக்கு முன்னால் அங்கே யார் உட்கார்ந்தது? செட்டில் மூத்தவர்களைக் கேட்டேன். ஒரு அம்மா ஆறு வருஷம் இருந்துவிட்டு, இருமல் தாங்காமல் நின்று, ஆனைக்குட்டத்தில் மகள் வீட்டில் இருக்கிறார்கள். நேற்றுக் காலையில் பஸ் பிடித்துப் போனேன். உன் படிவத்தை முழுசாக வாசித்துக் காட்டினேன், வேண்டாம் என்றால் போய்விடுகிறேன் என்றும் சொன்னேன். யோசித்துத்தான் சரி என்றார்கள். அவர்களே வைத்துக்கொண்ட பெயர் கம்பி மத்தாப்பு. ஊதியது நூற்று எண்பது. பலகையில் பக்கத்து நம்பர்களிலும் இப்படி நின்றுபோனவர்கள் இருக்கிறார்கள், ஒவ்வொருவராகத் தேடுகிறேன். ஆளை மறைக்க நாம் போட்ட நம்பர் ஆளைக் காட்டிக் கொடுத்தது. அதே நம்பர் இப்போது ரூமைக் காட்டிக் கொடுக்கட்டும்.

நம்பரை எழுதுகிற இந்தப் பக்கம் உனக்கு மட்டும்தான். அறிக்கையில் போட்டுவிடாதே. எப்படிப் போட வேண்டும் என்று உன் ஐந்து பேரிடம் கேட்டுவிட்டுப் போடு. இந்தத் தரம் நான் யோசனை சொல்லமாட்டேன்.

புதிதாக வந்த பெண்ணிடம் நேற்றுச் சாயங்காலம் அவள் வீட்டில் வைத்துப் பேசினேன். எதற்கு என்று கேட்டாள், சொன்னேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் யாரையும் அளக்கவில்லை என்று அந்த டாக்டர் சொன்னாரே. இவளை அளந்துவிட்டேன். மாதாமாதம் முதல் ஞாயிறு அளப்பேன், நோட்டில் எழுதுவேன், உனக்கு அனுப்புவேன். நீ பட்டம் வாங்கிப் போன பிறகும் அளப்பேன்.

சங்குசக்கரம். வயது பத்தொன்பது. சேர்ந்து ஏழு நாள். மூன்று தரம் ஊதினாள், மூன்றும் முந்நூற்றுத் தொண்ணூறு. ஊதி முடித்துவிட்டு, "எம்புட்டு வந்துச்சுக்கா, நல்லதா?" என்று கேட்டாள். நல்லது என்றேன். அது குறையாமல் பார்த்துக்கொள்வது நம் வேலை. பத்து குறைந்தால் உனக்கு எழுதுவேன். இருபது குறைந்தால் நானே சூலக்கரைக்கு பஸ் ஏறுவேன்.

அக்கா
செல்வலட்சுமி